ஈரம் காயாத பீம்

எனக்குப் பொறுமை கிடையாது. கட்டட வேலைக்கு இது ஆகாத குணம் என்று தெரிந்தும் மாறவில்லை.

கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடம். கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே வகுப்பறை. நடுவில் இருந்த கான்கிரீட் பீமின் அடியில் விரிசல் விட்டிருந்தது. முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, அடிப்பக்கம் முழுக்கக் கார்பன் ஃபைபர் துணியை எபாக்ஸி பசையால் ஒட்டிப் பலப்படுத்த வேண்டும். அதுதான் என் வேலை. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறார்கள். சனிக்கிழமை காலை ஒரு இடத்தில் நிற்க முடியாமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

பேத்துப்பாறையிலிருந்து வந்த கொத்தனாரிடம் முந்தின நாள், "பீமைத் தேய்ச்சுச் சுத்தமா வைங்கண்ணே" என்று மட்டும் சொல்லியிருந்தேன். பசையைக் கலந்துவிட்டு நிமிர்ந்தால், பீமின் அடி கொஞ்சம் கருத்திருந்தது. தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். கலந்த பசை வாளியிலேயே இறுகிவிடுமே என்ற பதற்றம். வெளியே பனிமூட்டம், வெளிச்சம் குறைவு, அதனால் அப்படித் தெரிகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சாரத்தில் ஏறி நாணயத்தால் தட்டினேன். நன்றாகப் பிடித்திருந்தால் கெட்டியான சத்தம் வரும். பீம் நெடுக பொக்கைச் சத்தம்தான் வந்தது.

"தண்ணி ஊத்துனீங்களா?" என்று கத்தினேன்.

கொத்தனார் மிரளவில்லை. "நனைக்காம எப்படிங்க ஒட்டும்? பூச்சு வேலைன்னா ஒரு தடவதான் நனைப்பேன். நேத்து வெள்ளனே வந்து ரெண்டு தடவ ஊற ஊற நனைச்சேன். எம்புள்ள இதுக்கு மேலதான ஒக்காந்து படிக்கிது."

சிமெண்டுப் பூச்சு ஈரத்தில்தான் பிடிக்கும். இந்தப் பசைக்கு ஈரமே ஆகாது. அதை அவருக்குச் சொல்லவேண்டியவன் நான். துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். சிரமமே இல்லாமல் உரிந்து வந்தது.

அவர் முகம் செத்துவிட்டது. "நான் கெடுத்துட்டேனாங்க?"

"இல்லண்ணே. ஈரத்த நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் ஒட்டினேன்."

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் முன்னாலேயே போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார்.

"நாளைக்குப் புள்ளய அனுப்பாத. நான் சொல்றப்ப அனுப்பு. இந்த இன்ஜினியர் சாரு சொன்னாலும் அனுப்பாத."