கொடியைப் பார்த்தவள்

குண்டூசிகளை எண்ணி முடித்த பிறகுதான் வாடிக்கையாளரை வெளியே விடுகிறாள் என் தங்கை. அளவு பார்க்க ஆரம்பிக்கும்போது டப்பாவில் நாற்பது ஊசிகள் இருக்கும். முடிந்த பிறகும் நாற்பது இருக்க வேண்டும். முப்பத்தொன்பது என்றால், யாராக இருந்தாலும் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

"அசையாதீங்க சார். ஊசி உங்ககிட்டதான் இருக்கு."

குரலில் திருட்டுக் குற்றச்சாட்டே இருக்கும். ஒரு பேங்க் மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எதுக்கும்மா உன் ஊசிய எடுக்கப் போறேன்?"

"எடுக்கலன்னா நல்லதுதான் சார். அந்தச் சேர்ல ஒருதடவை உக்காந்து பாருங்க, தெரிஞ்சிடும்."

அவர் உட்காரவில்லை.

உடைகளைப் பிரித்துச் சரிசெய்து கொடுப்பது அவள் தொழில். புதிதாக எதுவும் தைப்பதில்லை. தெருமுனையில் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு முன்னறை. அதில் இரண்டு தையல் இயந்திரம், ஓர் இஸ்திரி மேஜை, ஆளுயரக் கண்ணாடி. பதினேழு வருடம் ஒரு துணிக்கடையின் பின்கட்டில் வேலை பார்த்துச் சேர்த்துச் சொந்தமாக வாங்கிய அறை. பத்திரத்தில் தன் பெயரை அவள் விரலால் தடவிப் பார்த்தபோது நான் பக்கத்தில் நின்றேன். எங்கள் குடும்பத்தில் சொந்தமாக ஒரு கதவுக்குப் பூட்டு வாங்கிய முதல் ஆள் அவள்தான். பூட்டும் ஒன்றல்ல, மூன்று.

இடுப்பளவு எடுப்பதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. டேப்பைச் சுற்றியதும் எல்லோரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அவள் அந்த அளவை எழுதிக்கொள்வதுபோல் பாவனை செய்வாள். பிறகு சாதாரணமாக, "உங்க வீட்டுல இருந்து இங்க வர்றதுக்கு எந்த ரோடு சார் கிட்ட?" என்று கேட்பாள். வழி சொல்ல வேண்டுமானால் மூச்சை விட்டாக வேண்டும். வயிறு வெளியே வரும். அப்போது பார்க்கிற அளவைத்தான் நோட்டில் எழுதுவாள்.

"மனுஷன் சொல்றதக் கேட்டுத் தச்சா பட்டன் தெறிக்கும்க்கா" என்பாள்.

என்னையும் அவள் விட்டுவைத்ததில்லை. ஒரு மேல்சட்டை துவைத்ததில் சுருங்கிவிட்டது என்று கொண்டுபோனேன். தையலை விரலால் நிமிண்டிப் பார்த்தாள். "துணி சுருங்கல. தையல் இழுத்திருக்கு. ராத்திரி சாப்பாட்டக் கொறை" என்றாள். நான் அவளைவிட ஆறு வயது மூத்தவள். நாலு பேர் முன்னால் சொன்னாள்.

உடுப்பைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். ஆபீஸில் வேலை என்று சொன்ன ஒருவர் போன பிறகு, "ஆபீஸாவது ஒண்ணாவது. முட்டி ரெண்டும் தேஞ்சிருக்கு, மடிப்புல சிமென்ட் பால். தரைக்கு டைல்ஸ் போடறவர். பொண்ணு வீட்டுக்கு ஆபீஸ்னு சொல்லியிருப்பார்" என்றாள். மூன்று மாதம் கழித்து எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் அவர் முட்டி போட்டு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். இந்த விஷயத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை.

அவள் வீட்டுக்காரர் அவளை 'இன்ஸ்பெக்டர்' என்றுதான் கூப்பிடுகிறார். கேஸ்காரர், மீட்டர் ரீடிங் எடுப்பவர், பார்சல் கொண்டுவருபவர் எல்லோரும் வாசலிலேயே விசாரணை முடிந்துதான் உள்ளே வர முடியும். போனில் பேசுகிறவர்கள் பாடு இன்னும் மோசம். ஒருநாள் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண், கார் பாலிசி முடியப்போகிறது, புதுப்பிக்க வேண்டும் என்று கூப்பிட்டாள். பாலிசி எண்ணைச் சரிபார்க்கச் சொன்னதுதான் தாமதம்.

"நம்பர் வேணுமா? உன் பேரு என்ன? உன் மேனேஜர் பேரு என்ன? நீ உக்காந்திருக்கிற பில்டிங்குக்கு எதுத்தாப்புல என்ன கடை இருக்கு, சொல்லு பாப்போம்."

மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்று முறையும் இதே கேள்விகள்தான். பிறகு கடிதம் வந்தது. "திருட்டுப் பசங்க இப்ப லெட்டர் அடிக்கவும் கத்துக்கிட்டானுங்க" என்று அதை நாலாகக் கிழித்தாள். நானும் கூட இருந்தேன். கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பாலிசி முடிந்த பதினோராவது நாள், சிக்னலில் நின்ற அவள் கார் முன்னால் உருண்டது. பின் சீட்டில் சரிந்த துணி மூட்டையைத் திரும்பிப் பார்த்தபோது பிரேக்கில் இருந்த கால் தளர்ந்துவிட்டது. முன்னால் நின்ற பழைய வெள்ளைக் காரின் பம்பரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல். இவள் காரில் நம்பர் பிளேட் வளைந்தது. அவ்வளவுதான். அந்தக் காரிலிருந்து இறங்கியவர் ஒரு பெயின்டர். டிக்கியைத் திறந்து பெயின்ட் டப்பாக்கள் கொட்டவில்லையே என்று பார்த்தார். "பரவாயில்லம்மா, பாத்து ஓட்டுங்க" என்றார். போன் நம்பர்களை மாற்றிக்கொண்டார்கள்.

மூன்று மாதம் கழித்து நோட்டீஸ் வந்தது. கழுத்து நரம்பில் அடி, வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை, சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் தொழில் போய்விட்டது, நஷ்ட ஈடு வேண்டும். இன்சூரன்ஸ் உயிரோடு இருந்திருந்தால் கம்பெனி பார்த்துக்கொண்டிருக்கும். இப்போது முழுவதும் இவள் தலையில். அவர்கள் கேட்ட தொகைக்கு அந்த முன்னறையை விற்றால்தான் முடியும்.

அவள் அழவில்லை. நோட்டீஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், சீல் உண்மையா என்று. உண்மைதான் என்று தெரிந்ததும், "ரெண்டு கையாலயும் டிக்கியத் தூக்கினான்க்கா. நான் பாத்தேன். படிச்சவங்ககிட்ட வேணா கழுத்து, நரம்புன்னு சொல்லட்டும். என்கிட்ட சொல்ல வேணாம்" என்றாள்.

வக்கீலும் அவள் வாடிக்கையாளர்தான். கறுப்புக் கோட்டை இரண்டு முறை பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறாள். "நம்பறீங்க நம்பலங்கிறது பேச்சில்லம்மா. கையத் தூக்கறான்னு காட்டறதுக்கு ஏதாவது வேணும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பெயின்டர் வீட்டுத் தெருவில் காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தோம்.

"இடிச்ச காரையே கொண்டுவந்து நிறுத்தறியேடி, தெரிஞ்சுடாதா?"

"வேற காருக்கு எங்க போறது? நீ குனிஞ்சு உக்காரு. இடது பக்கம் உன் பொறுப்பு."

இடது பக்கத்தில் ஒரு நாய் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. பெயின்டர் வெளியே வரவே இல்லை. இரண்டு மணி நேரம் போன பிறகு அவள் என் தொடையில் தட்டினாள். "கொடியப் பாரு."

வீட்டின் பக்கவாட்டில் துணி காயும் கயிறு. அதில் ஐந்து சட்டைகள்.

"கதவு ஆறே முக்கால் அடி. கொடி அதுக்கும் மேல ஒரு சாண். இப்ப அந்தம்மாவப் பாரு." பெயின்டரின் மனைவி குப்பைக்கூடையோடு வாசலுக்கு வந்தார். "அஞ்சடிகூட வராது. வீட்டுல வேற ஆளு கெடையாது. அப்ப அவ்வளவு உசரத்துல சட்டைய யாரு காயப் போட்டது?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொடியின் உயரமும் கதவின் உயரமும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுத்தாள். அடுத்தடுத்து நாலு ஞாயிறு, நாலு படம். வக்கீல் படங்களைப் பார்த்துச் சிரித்தார். "கோர்ட்ல இது நிக்குமான்னு கேட்டா நிக்காது. ஆனா சமரசப் பேச்சுல தூக்கி மேஜைல போட்டா ஆடிப்போயிடுவாங்க. பாதிக்கு இறங்குவாங்க. உங்க அறை தப்பிச்சிடும். பெருசா பிரின்ட் போட்டு ஒரு கவர்ல கொண்டுவாங்க."

அடுத்த வாரமே, காலை பதினொரு மணிக்குச் சமரசப் பேச்சு. கோர்ட் நடைவழியில் எதிரெதிரே இரண்டு மர பெஞ்சுகள். ஒன்றில் நாங்கள் இருவர். எதிரில் பெயின்டரும் மனைவியும். வக்கீல்கள் இருவரும் முன்பே உள்ளே போய்விட்டார்கள். பெயின்டர் வலது கையை மடியில் ஒரு பொருளைப்போல வைத்திருந்தார். என் தங்கை கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் பார்வை அவருடைய சட்டையில் நின்றுவிட்டது.

"அக்கா, அந்தச் சட்டையப் பாத்தியா?"

"துவச்ச சட்டைதான். அதுக்கென்ன?"

"வலது கை முனையில இருந்து அக்குள் வழியா அடிவரைக்கும் தையலப் பிரிச்சிருக்கு. ஓரத்த மடிச்சு பிரஸ் பட்டன் வச்சிருக்கு. கைய நீட்டாம, தூக்காம, மேல போத்தி மூடிக்கலாம்." கொஞ்சம் யோசித்தாள். உடனே முகம் இறுகியது. "சமரசம் பேசற அம்மாகிட்ட காட்டறதுக்குன்னு நேத்து தச்சுப் போட்டுட்டு வந்திருக்கான். பாரேன் சாமர்த்தியத்த."

சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தாள். இந்த முறை கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "நூல் வெளுத்திருக்கே" என்றாள் தனக்குள். "இருவது முப்பது தடவ துவைக்காம அப்படி வெளுக்காது."

கவரைத் திறந்தாள். முதல் படத்தை வெளியே எடுத்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். கொடி, கதவு, ஐந்து சட்டைகள். ஐந்து சட்டையும் வலது பக்கம் அடியிலிருந்து அக்குள் வழியாகக் கை முனைவரை பிளந்து, காற்றில் விரிந்து கிடந்தன. இரண்டாவது படம். அதிலும். மூன்றாவதிலும் நாலாவதிலும் அதே. பிளவின் ஓரத்தில் பிரஸ் பட்டன்கள் வெயிலில் வரிசையாக மின்னின. நாலு ஞாயிற்றுக்கிழமை, இருபது சட்டை. ஊரில் இருக்கிறவர்களின் உடுப்பையெல்லாம் படித்துச் சொல்கிறவள், ஒரு மாதமாகக் கயிற்றின் உயரத்தை மட்டும் பார்த்திருக்கிறாள்.

அவள் எழுந்து எதிர் பெஞ்சுக்குப் போனாள். பெயின்டரின் மனைவி உடனே வலது கையால் கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்தத் தையல் யாரு போட்டது?" என்று கேட்டாள் என் தங்கை.

"எதுவா இருந்தாலும் எங்க வக்கீல்கிட்ட கேளுங்க" என்றார் அந்த அம்மாள்.

"வக்கீலுக்குத் தையல் தெரியாதும்மா. இது உங்க கை இல்ல. எல்லாத் தையலும் எதிர்ப்பக்கமா சாஞ்சிருக்கு."

பெயின்டர் நிமிர்ந்தார். "நான்தாங்க போட்டேன். இடது கையால. அவளுக்கு ஊசில நூல் கோக்கக் கண்ணு தெரியாது. வேலையும் இல்ல, சும்மாதான உக்காந்திருக்கேன்னு எல்லாச் சட்டையும் பிரிச்சிட்டேன். முதல்ல விரல்லயே குத்திக்கிட்டேன். இப்பப் பழகிடுச்சு."

"அன்னிக்கு டிக்கியத் தூக்கினீங்களே?"

"அன்னிக்கு ஒண்ணும் தெரியலைங்க. மறுநாள் காலைல தலை சீவக் கையத் தூக்கினேன். வரல."

என் தங்கை சட்டையின் பக்கவாட்டில் குனிந்து, துணியைத் தொடாமல், தையலை அக்குளிலிருந்து அடிவரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் அந்த அம்மாளைப் பார்த்து, "துணி காயப்போடற கொடி அவ்வளவு உசரத்துல இருக்கே, யாரு போடுவீங்க?" என்றாள்.

"கயிறு கப்பிச் சக்கரத்துல ஓடுது. இறக்கித் துணியப் போட்டுட்டு இழுத்துக் கட்டிடுவேன்" என்று சொன்ன அந்த அம்மாள் சட்டென்று நிறுத்தினார். "எங்க வீட்டுக் கொடிய நீங்க எப்பப் பாத்தீங்க?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள் என் தங்கை. அன்று கவரைப் பின்னால் மறைக்கப் பார்த்தாள். காதுமடல் இரண்டும் சிவந்துவிட்டன. அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அந்த அம்மாளின் கண்கள் மெல்ல இறங்கி, அவள் கையிலிருந்த கவரில் நின்றன.

அப்போது உள்ளேயிருந்து பெயர்களைக் கூப்பிட்டார்கள்.

சின்ன அறை. நீள மேஜை, ஒருபக்கம் அவர்கள், ஒருபக்கம் நாங்கள், மேஜையின் தலைப்பக்கத்தில் சமரசம் பேசும் அம்மா. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "யார் முதல்ல பேசறீங்க?" என்றார். எங்கள் வக்கீல் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "அம்மா, நாங்க சில படங்கள் கொண்டுவந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே என் தங்கையின் பக்கம் கையை நீட்டினார்.

அவள் இன்னும் உட்காரவில்லை. கவரை நாற்காலியின் மேல் வைத்தாள். சுருக்கமில்லாமல் நேராக்கினாள். அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.