இன்னாரென்று சொல்ல ஓர் ஆள்

என் கையெழுத்து கோழி கிண்டினாற்போல இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒற்றுக்கள் எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. படிக்கிறவர்கள் பிழையைப் பொறுத்துக்கொண்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு எப்போதுமே நாக்கு எழாது. அதனால்தான் எழுதுகிறேன். என் குதிரை வண்டிக்குள், புல்லுக்கும் சாக்கு மெத்தைக்கும் நடுவில், ஒரு தட்டு கிடக்கிறது. அவரை விதை மாதிரி வளைந்த இரும்புத் தட்டு. மேலே வெள்ளைப் பூச்சு, விளிம்பில் நீலக் கோடு. ஒரு மூலையில் பூச்சு உதிர்ந்து துரு ஏறியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இதைக் கிட்னி டிரே என்பார்கள். புண் துடைத்த பஞ்சைப் போடவும் வாந்தி ஏந்தவும் உள்ள சாமான். ஆனால் இந்தத் தட்டு ரங்கூனிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்தது. வழியில் ஒரு பெண் இதில் தண்ணீர் குடித்தாள். அவள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்பது எனக்குத் தெரியாது.

ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்த வருஷம் அது. தென்காசி ஸ்டேஷன் வாசலில் வண்டி போட்டிருந்தேன். பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்கள் அந்தக் கோடை முழுக்க ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். கால் வீங்கி, முடி கொட்டி, முகம் கறுத்து வந்தார்கள். பெற்ற மகன் எதிரில் வந்து நிற்க, ஒரு தாய் அவனைப் பார்த்து, “யாரைத் தேடுதீரு?” என்று கேட்டதை நானே கண்ணால் பார்த்தேன். ஊரில் சிரித்துப் பேசுகிறவர்கள்கூட ரயில் வருகிற நேரத்தில் ஸ்டேஷன் பக்கம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

காலை வண்டிக்குத் தவறாமல் இலஞ்சியிலிருந்து ஒரு அம்மாள் வருவார். நிலபுலம் உள்ள குடும்பம், புருஷன் இல்லை, ஒரே மகள். அந்த மகளை ரங்கூன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். வைகாசியில் டாக்டர் மட்டும் தனியாக வந்து இறங்கினார். வழியில் கூட்டம் பிரிந்துவிட்டது, அவள் ஆஸ்பத்திரிக்காரர்களோடு பின்னால் வருகிறாள் என்று மாமியாரிடம் சொன்னார். பிறகு குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற சாலையில் டிஸ்பென்சரி திறந்துகொண்டார். அந்த அம்மாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, இறங்குகிற பர்மாக்காரர்களிடமெல்லாம், “ஆஸ்பத்திரிக்காரவுகளா?” என்று கேட்பார். இல்லை என்று தெரிந்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டு டிஸ்பென்சரிக்குப் போவார். அங்கே நோயாளிகளோடு உட்கார்ந்து மருமகனிடம் அதே கேள்வியைக் கேட்பார்.

ஆடிச் சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்த ஒரு நாள், அந்த அம்மாள் திரும்பிப் போன பிறகு, மத்தியான வண்டியில் நர்ஸம்மா வந்து இறங்கினார். கையில் ஒரு துணி மூட்டை, அதன்மேல் இந்தத் தட்டு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். ரங்கூனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தாய் தகப்பன் இல்லை, கல்யாணம் ஆகவில்லை. அங்கே நர்ஸு படித்து அங்கேயே வேலை பார்த்தவர். படித்த சர்டிபிகேட்டுகள் இருந்த பெட்டி ஒரு ஆற்றைத் தாண்டும்போது வெள்ளத்தோடு போய்விட்டது. அந்த நேரத்தில் கையில் இருந்தது தட்டு மட்டும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸு வேலை காலியாகத்தான் இருந்தது. ஆனால் சென்னையில் பெயரைப் பதிவு செய்யாமல் அந்த வேலை கிடையாது, சர்டிபிகேட் இல்லாமல் பதிவு கிடையாது. அதுவரை ஆயா வேலை பாரு என்றார்கள். எங்கள் வீட்டை ஒட்டி இறக்கின சாய்ப்பில் தங்க இடம் கொடுத்தோம். காலையில் ஆஸ்பத்திரி வாசலில் நான் சவாரிக்கு நிற்கும்போது வார்டு ஆட்கள் அவரைக் கேலி செய்வது காதில் விழும். “ஏட்டி ரங்கூன் நர்ஸு, அங்கன ஒருத்தன் வாந்தி எடுக்கான் பாரு. தட்டு கொண்டாந்திருக்கேல்லா, ஓடிப்போயி ஏந்து!” நர்ஸம்மா போய் ஏந்துவார். 

கடைசியில் சென்னையிலிருந்து ஒரு வழி சொன்னார்கள். பர்மாவில் கூட வேலை பார்த்த, பதிவு பெற்ற டாக்டர் ஒருவர், இவர் இன்னார், நான் அறிந்த நர்ஸு என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் போதும். அன்றைக்குத்தான் நர்ஸம்மா என் வீட்டுக்காரியிடம் வாய் திறந்தார். அப்படி ஒருவர் இந்தப் பக்கம் இருக்கிறார், அவரைத் தேடித்தான் முன்பின் தெரியாத இந்த ஊருக்கு வந்தேன் என்றார். வந்த பிறகும் அவர் முகத்தில் விழிக்கப் பயமாக இருந்தது என்றார். ஏன் பயம் என்று சொல்லவில்லை.

அவர் சொன்னது இலஞ்சி அம்மாளின் மருமகனைத்தான். மறுநாள் குற்றாலத்துக்கு வண்டி ஓட்டினேன். டாக்டர் அவரைப் பார்த்ததும், “ரங்கூன்ல எத்தனையோ நர்ஸு. எனக்கு யாருன்னு ஞாபகம் இல்ல” என்றார். நர்ஸம்மா மூட்டையைப் பிரித்துத் தட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மருந்து கலக்கிக்கொண்டிருந்த கம்பவுண்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார். டாக்டர் தட்டைப் பார்க்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து என் வண்டியில் ஏறி, “ஐந்தருவிப் பக்கம் விடும்வே” என்றார். நர்ஸம்மாவும் தட்டை எடுத்துக்கொண்டு ஏறினார்.

“வண்டிக்காரர் இருக்காரே டாக்டர்.”

“அவனா? வாயில்லாப் பூச்சி. ஒரு பயலுட்டயும் பேச மாட்டான்.”

சாலையில் ஆள் இல்லை. சாரலில் மலை மறைந்து, அருவிச் சத்தம் மட்டும் கேட்டது.

“நீ நர்ஸுன்னு எழுதித் தாரேன். உள்ளதத்தான எழுதப்போறேன், எனக்கென்ன. ஆனா நீ ஒரு காரியம் செய்யணும். இலஞ்சிக்குப் போயி, எம் பொஞ்சாதி ஒம் மடியில செத்தான்னு அவ அம்மாட்ட சொல்லணும்.”

“அவங்க சாகல டாக்டர். நாம விட்டுட்டுக் கிளம்பும்போது கண்ணு முழிச்சுத்தான் இருந்தாங்க. தண்ணி கேட்டாங்க.”

“காலரா கண்டவ. அந்தக் காட்டுக்குள்ள எப்படிப் பொழைப்பா?”

“அப்படின்னா நீங்களே போய்ச் சொல்லுங்க.”

“நாஞ் சொன்னா, பக்கத்துல இருந்தீங்களான்னு கேப்பா. தெனமும் நோயாளிக்கு நடுவுல வந்து உக்காந்துக்கிட்டு, கூட வந்தவுக வந்தாச்சா, வந்தாச்சான்னு கேக்கா. என்னால முடியல.”

நர்ஸம்மா, “நானும்தானே விட்டுட்டு வந்தேன்” என்றார். “இதுலதான் தண்ணி குடுத்தேன். குடிச்சாங்க. தட்டையாவது நிரப்பி அவங்க பக்கத்துல வச்சுட்டு வந்திருக்கலாம். எனக்கு வேணும்னு எடுத்துட்டு வந்துட்டேன்.”

நான் குதிரையின் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் நான் கேட்டது தெரிந்துவிடும்.

நர்ஸம்மா உடனே சம்மதிக்கவில்லை. சாரல் காலம் முடியும்வரை ஆயா வேலையே பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் கூப்பிட்டு, இந்த மாதத்துக்குள் பதிவு வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும் என்றார். அன்று சாயங்காலம், “அண்ணாச்சி, நாளைக்கு இலஞ்சிக்குப் போகணும்” என்றார்.

தென்னந்தோப்புக்குள் வீடு. நான் வாசலில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது. ரங்கூன் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்று நர்ஸம்மா சொன்னதும் அந்த அம்மாள் எழுந்துவிட்டார்.

“வா தாயி, வா. பின்னால வாராளா?”

“அம்மா, அவங்க போயிட்டாங்க. என் மடியிலதான் உயிர் போச்சு.”

அந்த அம்மாள் அழவில்லை. “என்ன கேட்டா?” என்றார்.

“தண்ணி கேட்டாங்க. இந்தத் தட்டுல குடுத்தேன். குடிச்சாங்க.”

“ஊர்ப் பேச்சு எதுவும் பேசினாளா?”

“பேசினாங்கம்மா. அருவியில தலையக் குடுத்தா இந்தச் சூடெல்லாம் போயிரும்னு நடக்கும்போதெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாங்க.”

“ஆமா, அவ அப்படித்தான் சொல்லுவா.” பிறகு அந்த அம்மாள் கேட்டார். “அவ கழுத்துல கெடந்தது எங்க தாயி?”

நர்ஸம்மா திரும்பி வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். எனக்கென்ன தெரியும். பிறகு, “அத அவங்களோடயே எரிச்சுட்டோம்மா” என்றார்.

அந்த அம்மாள் அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். “சரி” என்றார். “இந்தத் தட்ட எனக்குத் தாரியா?” நர்ஸம்மா கொடுத்தார். 

தாலியைப் பற்றி அவர் முன்னால் யோசிக்கவில்லை. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அது தோன்றாமல் போகலாம். அதைக் கட்டினவருக்கு ஏன் தோன்றவில்லை என்று நான் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

டாக்டர் சொன்னபடி எழுதிக் கொடுத்தார். டிஸ்பென்சரி வாசலில் என் வண்டிப் பக்கம் வந்து, காகிதத்தை நீட்டிக்கொண்டே, “அவ என்னைக்காவது வந்து நின்னா, பொய் சொன்னவ நீ” என்றார். “அவ உசுரோட இருக்கான்னு ஒன் வாயில இருந்து ஒரு சொல்லு வந்தாலும் சரி. இவ நர்ஸே இல்ல, என்னையும் ஏமாத்தி எழுதி வாங்கிட்டான்னு அன்னைக்கே மெட்ராஸுக்கு எழுதிப் போட்டுருவேன். ஞாபகம் இருக்கட்டும்.” 

பதிவு வந்தது. நர்ஸம்மா வெள்ளை உடுப்புப் போட்டார். கேலி செய்தவர்களே நர்ஸம்மா, நர்ஸம்மா என்று பின்னால் ஓடினார்கள். ஆனால் இலஞ்சி வீட்டில் கருமாதி நடக்கவில்லை. அந்த அம்மாள் டிஸ்பென்சரிக்குப் போவதை நிறுத்தினாரே தவிர, காலை வண்டிக்கு வருவதை நிறுத்தவில்லை. யாராவது கேட்டால், “காத்தாட வந்தேன்” என்பார். டாக்டர் மறுகல்யாணம் செய்துகொண்டார். நர்ஸம்மா ஸ்டேஷன் வழியாகப் போவதை விட்டுவிட்டு, பெரிய கோயில் மொட்டைக் கோபுரத்துப் பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஜப்பான் சண்டை முடிந்து ரங்கூன் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியதும் இன்னும் மோசமாயிற்று. தினமும் என்னிடம், “இன்னைக்கு யாராவது இறங்கினாங்களா அண்ணாச்சி?” என்று கேட்பார். இல்லை என்பேன். அவர் விடுகிற மூச்சு நிம்மதியா வருத்தமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

அப்படி ஒரு நாள் அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டு, “அந்த நர்ஸுப் பிள்ளையக் கூட்டிட்டு வாருமய்யா” என்றார். நான் போய்ச் சொன்னேன். முகம் வெளுத்துப் போய் நர்ஸம்மா வந்து நின்றார்.

“எரிச்சேன்னு சொன்னியே, அது பொய்யின்னு அன்னைக்கே தெரியும். எங்க வீட்டுல தாலிய எரிக்க மாட்டோம். கழட்டி பெத்தவ கையில குடுப்பாவ. சும்மா கெடந்து நடுங்காத, நான் ஒருத்தருட்டயும் சொல்லல. எனக்கு ரெண்டு கண்ணும் புரை விழுந்துட்டு. வாரவுக மொகம் தெரிய மாட்டேங்கு. அவளக் கடைசியாப் பாத்தவ நீதான். அவ வந்து எறங்குனா, இன்னாருன்னு நீதான் எனக்குச் சொல்லணும். தெனமும் வந்து நில்லு.”

வைதிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அன்றிலிருந்து நர்ஸம்மா டியூட்டிக்கு முன்னால் என் வண்டியில் ஸ்டேஷனுக்கு வந்தார். அந்த அம்மாள் கொண்டுவருகிற தட்டில் குழாயடியில் தண்ணீர் பிடித்து இருவரும் நிற்பார்கள். கண் தெரியாத அம்மாளுக்கு நர்ஸம்மா துணையாக நிற்கிறார் என்று ஊரில் பெருமையாகச் சொன்னார்கள். வந்தால் தன் பிழைப்பே போய்விடும் ஒருத்திக்காக அவர் நிற்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும். அந்த நாள் வந்தால் அவர் வாயில் ஆமாம் வருமா, இல்லை வருமா என்று நான் யோசித்துக்கொண்டே நிற்பேன். இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் அந்த அம்மாள் நம்பித்தான் ஆக வேண்டும்.

போன புரட்டாசியில் அந்த அம்மாள் காலமானார். தட்டு என் வண்டிக்கு வந்தது. நர்ஸம்மா வருவதை நிறுத்தவில்லை.

இன்று காலை கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். முடி வெட்டிய தலை, கூன் விழுந்த முதுகு, கையில் பர்மாக் குடை. நர்ஸம்மா ஓடினார். தட்டுத் தண்ணீர் வெள்ளை உடுப்பெல்லாம் சிந்த, டாக்டரின் முதல் சம்சாரத்தின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினார். அந்தப் பெண் திரும்பினாள். அவள் வேறு யாரோ. ஆனால் மருந்துப் பார்சல் எடுக்க வந்திருந்த டாக்டரின் கம்பவுண்டர் அங்கேதான் நின்றார். செத்தவள் என்று சொல்லப்பட்டவளின் பெயரைக் கேட்டுவிட்டு, பார்சலைக்கூட வாங்காமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு குற்றாலச் சாலையில் போனார். நர்ஸம்மாவும் அதைப் பார்த்தார். மிச்சத் தண்ணீரை அந்தப் பெண்ணுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு, தட்டை என் கையில் தந்தார். “டியூட்டிக்கு நேரமாச்சு அண்ணாச்சி, விடுங்க” என்றார்.

டாக்டர் அன்று மிரட்டினபடி மெட்ராஸுக்கு எழுதிப் போடுவார். இன்னும் சில நாளில் சென்னையிலிருந்து கேட்டு எழுதுவார்கள். நான் பதிவு பெற்ற டாக்டர் இல்லை. ஆனாலும் இவர் நர்ஸுதான், நான் அறிவேன். வண்டிக்குள் டாக்டர் பேசியதைக் கேட்டவனும் நான்தான். தட்டு இன்னும் காயவில்லை, சாக்கு நனைந்திருக்கிறது.

தென்காசி,
1949, ஐப்பசி 23.