சிமெண்ட் வீடு

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அட்டையில் மாதிரி வீடு செய்துவரச் சொல்லியிருந்தேன். செல்வி தன்னுடையதை மேசையில் வைத்ததும் ஈரச் சிமெண்ட் வாசனை அடித்தது.

நான் எட்டாவது படித்தபோது நானும் இப்படி ஒரு சிமெண்ட் வீடு கொண்டுபோனேன். ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் மூட்டை தூக்கிய என் அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். "அட்டையில வூடு கட்டுனா மழைக்கு நிக்குமா பாப்பா?" என்று சிரித்தபடியே சுவர் எழுப்பி, ஆணியால் ஜன்னல் கீறினார். மறுநாள் அவரே தலையில் சுமந்து வந்தார்.

"என்னப்பா இது, மாடலா, ஆட்டுக்கல்லா? தூக்கிட்டுப் போ" என்றார் சார். வகுப்பே சிரித்தது.

"சரிங்க சார்" என்று அப்பா மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டார். நான் அவரைத் தெரியாதவள்போல நின்றேன்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள், முதலில் டீச்சரானவள் நான். ஆனால் இப்போது கல்வி அலுவலகத்திலிருந்து வந்த மதிப்பெண் தாளில், மாணவி தானே அட்டையை வெட்டி ஒட்டியிருந்தால்தான் மார்க்.

"எங்கப்பா செஞ்சது மிஸ். வெளியதான் நிக்கிறாரு, கூப்பிடவா?" என்றாள் செல்வி.

"கூப்பிடு" என்றேன். தாளில் அவள் பெயருக்கு நேரே சுழி போட வேண்டிய கட்டத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.