எண்ணாமல் விட்ட தேத்தண்ணி

எங்கள் வீட்டில் எடைக்கருவி ஒன்றுதான். ஆனால் அது ஐந்து இடத்தில் ஐந்து எடை காட்டும். சமையலறைத் தரையில் 101.4. ஹாலில் 101.2. குளியலறை வாசலில் 100.9. படுக்கையறை அலமாரிக்குப் பக்கத்தில், தரை கொஞ்சம் சரிந்த இடத்தில், 100.3. கால்மிதியின் மேல் வைத்தால் 96. கால்மிதி எடை பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று மாதமாக அதைத்தான் நோட்டில் எழுதி வந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஐந்து இடத்திலும் ஏறி இறங்கி முடித்த நேரம் தங்கை போன் செய்தாள். புக்கிட் பெருவாங்கில் இருக்கிறாள். என்னைவிட ஒன்பது வயது இளையவள்.

“அண்ணே, தேதி கொடுத்துட்டாங்க. இன்னும் பதினாறு நாள். நீ ஞாயித்துக்கிழமை வா லா. எல்லாத்தையும் ஒரு தடவை எனக்குச் சொல்லு. பயமா இருக்கு.”

தேதி, வயிற்றைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்கு. ஏழு வருடத்துக்கு முன்னால் எனக்குச் செய்த அதே சிகிச்சை, அதே ஆஸ்பத்திரி. அவள் அதற்குச் சம்மதித்ததே என்னைப் பார்த்துத்தான். கடைசியாக என்னைப் பார்த்து ஐந்து மாதம் ஆகிறது. அந்த ஐந்து மாதத்தில் நான்கு முறை கூப்பிட்டாள். முழங்கால் வலி, மழை, கார் பழுது, கோயில் வேலை என்று நான்கு முறையும் நான்கு காரணம் சொன்னேன். ஐந்தாவது காரணம் தோன்றவில்லை. வருகிறேன் என்றேன்.

அறுவை சிகிச்சைக்கு முன் நான் 121 கிலோ. பத்தொன்பதாவது மாதத்தில் 78. அந்த நாட்களில் ஆயர் குரோவில் எங்கள் வரிசையில் இருக்கும் பதினான்கு வீட்டிலும் என்னைப் பற்றித்தான் பேச்சு. ஒருநாள் பழைய கால்சட்டையைத் தங்கை வீட்டுக்கு எடுத்துப் போய், ஒரே காலுக்குள் என் இரண்டு கால்களையும் விட்டு நின்று காட்டினேன். அவள் சிரித்தாள், பிறகு அழுதாள். “நானும் செஞ்சுக்கிறேன்ணே” என்றாள். அவளுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூச்சிரைப்பு எல்லாம் உண்டு. ஆனாலும் அந்தச் சொல்லிலிருந்து ஆஸ்பத்திரியில் தேதி கேட்கும் வரை வர அவளுக்கு ஐந்து வருடம் பிடித்தது. நான் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அந்த ஐந்து வருடத்தில்தான் எடை எனக்குத் திரும்ப வந்தது. மாதத்துக்கு முந்நூறு, நானூறு கிராம். சில மாதம் ஒன்றும் இல்லை. பெரிய சட்டையாகப் போட்டுத் தங்கையிடம் மறைத்து வந்தேன். நான் விதி எதையும் மீறவில்லை. தோசை என்றால் ஒன்றில் பாதி. சோறு நான்கு கரண்டி. ஒரு வாய்க்கு இருபத்தைந்து மெல்லல். கடலோரம் உம்பாய்க்கு எல்லோரும் மீன் சாப்பிடப் போனால், நான் இரண்டு துண்டு தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவைப்பேன். மிஞ்சித் தின்றால் நெஞ்சில் கல் மாதிரி நிற்கும். “கோழி கொத்துற மாதிரி கொத்துறீங்க, அப்புறம் எங்கேருந்துதான் ஏறுது?” என்று மனைவி கேட்பாள். அதே கேள்வியைத்தான், தின்றதையும் எடையையும் எழுதிவைத்த ஒன்பது நோட்டுகளில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் கிடைக்காததால் ஆஸ்பத்திரிச் சோதனைக்கு இரண்டு வருடமாகப் போகவில்லை. அங்கே கால்மிதி கிடையாது.

ஞாயிறு காலை இருப்பதிலேயே தொளதொளப்பான, பூப்போட்ட பாத்தேக் சட்டையைப் போட்டுக்கொண்டேன். தங்கை வீட்டுக்குப் போகிற வழியில் ஏழு சமிக்ஞை விளக்கு. ஐந்தில் சிவப்பு. ஒவ்வொன்றிலும், உள்ளே போனதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். பச்சை விழுந்ததும், அறுவை முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பேன். இப்போது சொன்னால் பயந்து தேதியை விட்டுவிடுவாள். சொல்லாவிட்டால், நாளைக்கு அவளுக்கும் ஏறும்போது, ஒரு வார்த்தை சொன்னாயா அண்ணே என்று கேட்பாள்.

கேட்டைத் திறந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “உட்காருண்ணே, தண்ணி கலக்குறேன்” என்று உள்ளே போனாள். எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவருக்குக் குடிக்க ஏதாவது கலக்கிக் கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் இல்லை. தேத்தண்ணி வந்தது, இனிப்பு டின் பால் ஊற்றி, நுரை ததும்ப. கூடவே ஒரு தோசை. அதில் பாதியைப் பிட்டு ஓரமாக வைத்துவிட்டு மீதியைத் தின்றேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். பேசிக்கொண்டே இன்னொரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். அதையும் குடித்தேன்.

அவள் தோசையைத் தொடவில்லை. அறுவைக்கு முன் இரண்டு வாரம் மாவுப் பால் மட்டும்தான். வாய்க்குள் போகிற எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அது குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. நேரம், உணவு, பானம் என்று மூன்று கட்டம்.

“எவ்வளவுண்ணே ஏறிருக்கு?” என்றாள் திடீரென்று.

“என்ன?”

“மறைக்காத லா. அந்தச் சட்டைக்குள்ள ரெண்டு பேரு இருக்கலாம், ஆனா அதுல ஒண்ணரை ஆளு நீதான்.”

தொண்ணூற்றாறு என்று வாய்வரை வந்துவிட்டது. சமையலறைத் தரை எடையைச் சொன்னேன். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். “இருபத்து மூணு கிலோ” என்றாள். 

“அப்ப எனக்கும் ஏறுமா?”

“தெரியலைம்மா. எனக்கு ஏறிருச்சு. ஏன்னும் தெரியலை. எல்லாத்தையும் எண்ணித்தான் திங்கிறேன்.”

அவள் எழுந்து போய்க் கதவில் இருந்த தாளைப் பிய்த்து என் முன்னால் வைத்தாள். “இன்னிக்கு நீ தின்னதைச் சொல்லு. எழுதுறேன்.”

காலையில் அவித்த முட்டை ஒன்று, இங்கே அரைத் தோசை என்றேன். எழுதினாள். “பானம்?” என்றாள்.

“பானம்னா?”

“எத்தனை டம்ளர் தேத்தண்ணி?”

விரல் மடக்க ஆரம்பித்தேன். வழியில் எத்தனை விளக்கு, எத்தனை சிவப்பு என்று சொல்லத் தெரிந்தவனுக்கு இது தெரியவில்லை. எழுந்ததும் ஒன்று. பேப்பர் படிக்கும்போது ஒன்று, அதில் நனைத்த பிஸ்கட்டோடு. கோயிலில் ஒன்று. இங்கே இரண்டு. மணி பதினொன்றுகூட ஆகவில்லை. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள், அரை மணி கழித்துக் குடியுங்கள் என்று ஏழு வருடம் முன்பு சொல்லியிருந்தார்கள். வீட்டில் அதைத் தவறாமல் செய்தேன். அரை மணி பார்த்து, தேத்தண்ணி குடித்தேன். மெல்ல வேண்டாம், நெஞ்சில் நிற்காது, வழுக்கிக்கொண்டு இறங்கும். மத்தியானம் இரண்டு, சாயந்திரம் இரண்டு, யார் வீட்டுக்குப் போனாலும் ஒன்று, திருவிழா என்றால் ரோஜாப் பாகும் பாலும் கலந்த சிராப் பண்டோங். ஒன்பது நோட்டில் ஒரு டம்ளர்கூட இல்லை. அது சாப்பாடு என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

தங்கை என்னையே பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

“ரப்பர் தோட்டத்துல பால் எடை எழுதுற நிறுவைக் கிராணியா இருந்தே! ரப்பர் பால்ல தண்ணி கலந்து எடை ஏத்துனவங்களை எல்லாம் வரிசையா நிக்க வெச்சுப் பிடிச்சே! நம்ம அம்மா வாளியைக்கூட விடாம சோதிச்சே! உன் தண்ணிய மட்டும் யாரும் பிடிக்கல பாத்தியா?”

கோபம் வந்தது. அவள் சொன்னது எல்லாம் உண்மை என்பதால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எழுந்து ஹாலில் நடந்தேன். பதினொரு அடி அந்தப் பக்கம், பதினொரு அடி இந்தப் பக்கம்.

“உட்காருண்ணே. தலை சுத்துது. நான் செஞ்சுக்கவா, வேணாமா? அதைச் சொல்லு.”

நல்ல அண்ணனாக ஒரே சொல்லில் பதில் சொல்ல ஆசைதான். முடியவில்லை. முன்பு எனக்குச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஏழு மாத்திரை, இரண்டு ஊசி. இப்போது மூன்று மாத்திரை, ஊசி இல்லை என்றேன். எடை ஏறினாலும் அந்த ஊசி இன்னும் திரும்பவில்லை. ஆனால் முடி கொட்டியது, விருந்தில் தனியாக உட்கார்ந்திருந்தது, எடை திரும்ப ஏறியதும் உன் வீட்டுக்கு வராமல் ஒளிந்தது, இதையும் கணக்கில் சேர்த்துக்கொள் என்றேன். கால்சட்டையைக் காட்டிய அன்று இவற்றில் ஒன்றையும் நான் சொல்லவில்லை.

“புதன்கிழமை எனக்குக் கடைசிச் சோதனை,” என்றாள். “நீயும் வா. அங்க உள்ள நிறுவையில ஏறு. உன்னை அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு நான் முடிவு பண்றேன்.”

புதன்கிழமை போனோம். முறை வந்ததும் கைப்பேசி, சாவி, பர்ஸ், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துத் தங்கை கையில் கொடுத்தேன். தோட்டத்தில் பால் எடையிலிருந்து வாளி எடையைக் கழித்த பழக்கம். பெல்ட்டில் கை வைத்தபோது, “போதும்ணே, இது ஆஸ்பத்திரி” என்றாள். ஏறினேன். கண்ணாடி இல்லாததால் எண் தெரியவில்லை. அவள்தான் சத்தமாகப் படித்தாள். “நூத்தி ரெண்டு.”

தாதி என் பழைய ஏட்டைப் புரட்டினார். “அங்கிள் மாதிரி நிறைய பேரு வர்றாங்க. ஏன் இவ்வளவு நாளா வரலை? அதைத்தான் திட்டணும்” என்றார். உணவு ஆலோசகரைப் பார்க்க எனக்கு ஒரு தேதி எழுதிக் கொடுத்தார். அந்த மூன்று கட்டத் தாளையும் கொடுத்தார். பிறகு தங்கையிடம், “அம்மா, உங்க தேதி அப்படியே இருக்கட்டுமா?” என்று கேட்டார்.

தங்கை என் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இருக்கட்டும்” என்றாள். “ஆனா இவரு எழுதுறதை வாராவாரம் நான் பார்ப்பேன்.”

கீழே உணவுக்கடையில் உட்கார்ந்தோம். அவள் வெறும் தண்ணீர். நான் பாலும் சீனியும் இல்லாத கட்டன் தேத்தண்ணி சொன்னேன். வாயில் வைத்ததும் கசந்தது. முழுதாக இறங்கவில்லை. அறுவைக்கு இன்னும் எட்டு நாள், என் தேதிக்கு இன்னும் இருபது. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு பக்கம், எனக்கு 78 இனி வரவே வராது என்று இன்னொரு பக்கம். நிம்மதி என்று ஒன்றும் வரவில்லை. பேனாவை எடுத்துப் பானம் என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். “காலையில வீட்டுல குடிச்சது?”

ஒன்றை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினேன்.