ஒன்பதாவது அறிவுரை

மெக்சிகோவின் வஹாக்கா நகரில், அம்பாரோவின் விடுதியில் தங்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் முதலில் படிப்பது கதவுக்குப் பின்னால் தொங்கும் தாளைத்தான். நான்கு அறைகள், நான்கு தாள்கள், எல்லாம் அவள் கைப்பட எழுதியவை.

குழாய்த் தண்ணீரில் பல்கூடத் துலக்காதீர்கள். கடைக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல்லிவிட்டு விலை கேளுங்கள். வெறுமனே கேட்டால் விலை ஏறும். வழியை மூன்று பேரிடம் கேளுங்கள். தெரியாது என்று சொல்ல எங்கள் ஆட்களுக்குக் கூச்சம், எங்காவது கை காட்டி அனுப்பிவிடுவார்கள். விடியற்காலையில் வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் ஒளியாதீர்கள், ஏதோ ஒரு புனிதருக்குத் திருநாள். வெள்ளைச் சட்டையோடு மோலே சாப்பிட உட்காராதீர்கள், அந்தக் குழம்பின் கறை போகாது.

இப்படிப் போகும் தாளில் ஒன்பதாவது இது: "நாளை வருகிறேன் என்பவர் 'கடவுள் நினைத்தால்' என்று சேர்த்துச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். சேர்க்காமல் சொன்னால் நம்பாதீர்கள். அவர் வரமாட்டார்."

குழாய் ரிப்பேர்க்காரன் முதல் தாலி கட்டாத குறையாகக் குடும்பம் நடத்தியவன் வரை, பலரிடம் அவள் பட்டுத் தெரிந்துகொண்டது அது. அந்த மகராசன், "ஞாயித்துக்கிழமை வந்திடறேன்" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போனான். எத்தனையோ ஞாயிறு போய்விட்டது.

ஊருக்கெல்லாம் பயண உபதேசம் செய்யும் அம்பாரோ, அதுவரை பக்கத்து மாநிலத்துப் பியூப்லாவைத் தாண்டிப் போனதில்லை. அவள் போக ஏங்கிய ஊர் ஒன்றே ஒன்றுதான், சிகாகோ. அங்கே ஓர் ஓட்டல் சமையலறையில் அவள் மகன் செல்சோ வேலை செய்கிறான். பத்தொன்பது வயதில் காகிதம் எதுவும் இல்லாமல் அமெரிக்க எல்லையைத் தாண்டியவன். பதினாலு வருடமாயிற்று. இங்கே வந்தால் மறுபடி உள்ளே போக முடியாது; வீடும் பெண்டாட்டியும் அங்கே. ஆகவே அவள்தான் போக வேண்டும்.

வாரம் தவறாமல் கைபேசியில் முகத்தைக் காட்டுவான். முகம் யாருக்கு வேண்டும்? அவன் பின்தலையில் இரட்டைச் சுழி உண்டு. அதில் விரல் வைத்துத்தான் சிறுவயதில் அவனைத் தூங்கவைப்பாள். அந்த இடத்தை ஒருமுறை தொட்டுவிட வேண்டும் என்று அவள் விரல் நமைத்துக்கொண்டிருந்தது.

விசா கேட்டுத் தலைநகரத்து அமெரிக்கத் தூதரகத்துக்குப் போனாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்.

"மூணு வாரத்துல திரும்பிடுவீங்களா?"

"கடவுள் நினைச்சா, ஐயா."

"திரும்புவீங்களா, மாட்டீங்களா?"

பாவம், காது மந்தம்போல என்று நினைத்து அம்பாரோ குரலை உயர்த்தினாள். "கடவுள் நினைச்சாத் திரும்பிடுவேங்க ஐயா."

விசா கிடைக்கவில்லை.

விடுதியில் துணி துவைக்கும் தொமாசா, செல்சோவின் ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றுதான் அழைப்பார்கள். "ஊருக்கெல்லாம் தாள் எழுதித் தொங்கவிடறியே கொமாத்ரே, உனக்கு ஒண்ணு எழுத ஆள் இல்லாமப் போச்சே" என்றாள் அவள். சிரித்துக்கொண்டே சொன்னவள், அம்பாரோ அழுவதைப் பார்த்ததும் விரிப்பைப் போட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டாள்.

எழுத ஆள் இருந்தது. நடந்ததைக் கேட்டு செல்சோ கைபேசியிலேயே தலையில் அடித்துக்கொண்டான்.

"அம்மா, அங்க ஏன் கடவுளை இழுத்தீங்க? இங்க உள்ளவங்க காதுக்கு அது இன்னும் முடிவு பண்ணலைங்கற மாதிரி இருக்கும். 'திரும்பி வருவேன்'னு சொல்லிட்டு வாயை மூடிக்கோங்க."

"அது திமிர்ப் பேச்சுடா. நாளைக்கு இருப்போமாங்கறது நம்ம கையிலயா இருக்கு?"

"அதை விளக்கிச் சொல்ல அந்த ஜன்னல்ல நேரம் இல்லம்மா. நானும் முதல்ல திணறினேன். இப்போ பழகிருச்சு."

மறு வருடம் மறுபடி மனுப் போட்டாள். துவைக்கும் தொட்டியடியில் ஒத்திகை நடந்தது. தொமாசா மரக்கரண்டியைப் பிடித்துக்கொண்டு அதிகாரியானாள்.

"திரும்பி வருவியா, கொமாத்ரே?"

"வருவேன்."

"வாய் மூடலையே. இன்னும் என்னமோ தொண்டையில நிக்குது, முழுங்கு."

ஜன்னலில் அம்பாரோ முழுங்கினாள். "வருவேன்" என்று மட்டும் சொன்னாள். கீழே, பைக்கு மறைவில், கட்டைவிரலால் சிலுவை போட்டுக்கொண்டாள். விசா கிடைத்தது.

சிகாகோவில் மூன்று வாரம் மூன்று நாளாக ஓடிற்று. முதல் இரவே அவனை நாற்காலியில் உட்காரவைத்துப் பின்தலையைத் தடவினாள். முடி கொட்டியிருந்தது, சுழி இரண்டும் இருந்தன. முப்பத்துநான்கு வயது ஆண்பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருந்தான். அப்படியே கண்ணும் அயர்ந்தான்.

கடைசி நாள் விமானநிலைய வாசலில் காரை நிறுத்தினான். உள்ளே வர அவனுக்குப் பயம். தாயின் சால்வையைச் சரிசெய்துவிட்டுச் சொன்னான்:

"அடுத்த வருஷம் நான் வர்றேம்மா."

அம்பாரோ காத்திருந்தாள். பின்னால் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். வாக்கியத்தின் மிச்சம் வரவில்லை. செல்சோ புன்னகைத்துக்கொண்டு நின்றான். பேச்சுப் பழக்கத்தால் விட்டுவிட்டானா, வர முடியாது என்று தெரிந்துதான் விட்டானா? கேட்டுவிடலாம். கேட்டால் பதில் தெரிந்துவிடுமே என்று பயந்து, "வாடா கண்ணு" என்று மட்டும் சொல்லி உள்ளே போனாள்.

ஊர் வந்து சேர்ந்ததும் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனாள். மூன்றாவது அறையில் தொமாசா படுக்கை விரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கொமாத்ரே, வந்ததும் வராததுமா எழுத உக்காந்துட்டே? எதாவது புதுசா சேக்கறியா?"

"இல்ல" என்றாள் அம்பாரோ. ஒன்பதாவது வரியை, அடியில் ஓர் எழுத்துகூடத் தெரியாதபடி, அழுத்தி அழுத்தி அடித்தாள். பிறகு நான்காவது அறைக்குப் போனாள்.