விஷம்மா

மீன் சந்தையில் அவளுக்கு 'விஷம்மா' என்று பெயர். கடல் நஞ்சுகளை ஆராய்கிற விஞ்ஞானி என்று அங்கே யாரும் வாய் நிறையச் சொன்னதில்லை. துறைமுகத்துக்குப் பின்னால் ஓர் ஆய்வுக்கூடம். அதில் ஃப்ரீசர் உறுமும் அறை ஒன்றில் சிப்பிச் சதையை அரைத்து, வடிகட்டி, விஷம் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அவள் சமைத்த அன்று கட்டின புருஷனே முதல் வாயை யோசித்துத்தான் வைப்பான்.

அந்த வருஷம் வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. கரையில் கடற்பறவைகள் செத்து ஒதுங்கின. சில, பறக்க முடியாமல் குடிகாரனைப் போலத் தள்ளாடின. விஷப்பாசி பெருகினால் கடல் சிவக்கும் என்றுதான் ஊரே நம்பியிருந்தது. தண்ணீரோ துளியும் நிறம் மாறவில்லை. ஆனால் அவள் சிப்பியைச் சோதித்தபோது விஷம் எக்கச்சக்கமாக இருந்தது.

"இன்னொரு தடவை பாத்துருவோம்," என்றார் ஆய்வுக்கூடத்து இயக்குநர். "அவசரப்பட்டு விற்பனைய நிறுத்தினா என் தலைதான் உருளும்."

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேரே சந்தைக்குப் போனாள். அங்கே சிப்பியை வேகவைத்து விற்றுக்கொண்டிருந்தவர் அவளுடைய அக்கா புருஷன்.

"அத்தான், இன்னிக்கு விக்காதீங்க. சொன்னா கேளுங்க."

"கொதிக்கக் கொதிக்க வேக வெச்சிருக்கேன். எந்த விஷம் தாங்கும்?"

"இந்த விஷம் வெந்தாலும் போகாது அத்தான். வாடையும் வராது, ருசியும் மாறாது."

வாங்க நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் மச்சினிச்சிக்கு உப்பைப் பாத்தாக்கூட விஷம்தான்," என்று சிரித்தபடி ஒரு கை அள்ளி, அவள் பாய்ந்து தடுப்பதற்குள் வாயில் திணித்துக்கொண்டார். அவள் பாத்திரத்தை உதைத்துக் கவிழ்த்தாள். ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிக் கெஞ்சினாள். அவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். அவள் நகராமல் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சற்றுப் பொறுத்து அவர் புறங்கையால் வாயைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"உதடு மரத்துப்போன மாதிரி இருக்கே," என்றார். குரல் இறங்கியிருந்தது.

ஆட்டோவில் போகும்போதே நாக்கு குழறியது. "மாத்து மருந்து எதுவும் கிடையாது டாக்டர்," என்றாள் அவள், ஆஸ்பத்திரியில் நுழைந்ததுமே. "மூச்சு நிக்கறதுக்கு முன்னாடி மெஷின வைங்க. விஷம் இறங்கற வரைக்கும் அது தாங்கினா போதும்."

கை, கால், கடைசியில் கண்ணிமை என்று எல்லாம் அடங்கியது. நர்ஸ் பக்கத்தில் நின்று, "தேறறது கஷ்டம்தான். நினைவே இல்லையே," என்றாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அழாதே அக்கா. அவருக்கு எல்லாம் கேக்குது. உடம்புதான் அசையல."

அவள் கட்டில் ஓரமாக உட்கார்ந்து அவரிடம் பேசத் தொடங்கினாள். சந்தைக் கதை, பக்கத்துக் கடைக்காரன் அவர் தராசை ஓசியில் எடுத்துப்போன கதை, என்ன நடக்கிறது, எப்போது விரல் அசையும் என்று ஓயாமல் பேசினாள். மறுநாள் விரல் அசைந்தது.

மூச்சுக் குழாயை எடுத்த பிறகு அவர் சொன்னார்: "தேறமாட்டேன்னு நர்ஸு சொன்னது கேட்டுச்சும்மா. உயிரோடதான் இருக்கேன்னு உள்ளுக்குள்ள கத்தினேன். ஒரு சத்தமும் வெளிய வரல."

அவர் பிழைத்தார். வேறு கடையில் சிப்பி வாங்கிப்போன ஒரு தையற்காரரும் அவர் மனைவியும் வீட்டிலேயே இறந்துகிடந்தார்கள். அதற்குப் பிறகுதான் சிப்பி விற்கத் தடை வந்தது.

பாசி அடங்கியதும் கடல் ஆறிவிட்டது என்றார்கள். அவள் அத்தானையே படகோட்டச் சொல்லி, அடிச் சேற்றை அள்ளிவந்து பார்த்தாள். பாசி விட்டுப்போன விதைகள் சேறு முழுக்க அப்பிக் கிடந்தன. செத்தவை அல்ல, தூங்குபவை. துறைமுகத்தை ஆழப்படுத்தத் தூர்வார வேண்டாம் என்று படி ஏறி இறங்கிச் சொல்லிப் பார்த்தாள். எவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வெயில் காலம் தொடங்கும் முன் தூர்வாரும் கப்பல் வந்து நின்றது. இருவரும் படகிலிருந்து பார்த்தார்கள்.

"கிளறினா என்ன ஆகும்?" என்று கேட்டார் அத்தான்.

"தூங்கறதெல்லாம் முழிச்சுக்கும் அத்தான்," என்றாள். இரும்புக் கூடை தண்ணீருக்குள் இறங்கியது.