அப்பாவின் கோட்டுப் பையில் கிழங்கு

இன்று காலை மைதானத்தில் என் கை விறைத்ததைப் பார்த்து, குலுக்கினால் சூடேறும் சிறு பொட்டலமொன்றை மகள் என் உள்ளங்கையில் வைத்தாள். எனக்கோ அவித்த உருளைக்கிழங்கு மணத்தது.

தொண்ணூறுகளில், போருக்குத் தப்பி இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த புதிதில், நாங்கள் மவுண்ட் ஆல்பர்ட்டில் இருந்தோம். அப்பாவோடு வேலைசெய்த வெள்ளைக்காரர் ஒருவர் அவரை வாத்து வேட்டைக்குக் கூப்பிட்டார். புது வேலை, மறுக்கக் கூச்சப்பட்டு அப்பா ஓம் என்றுவிட்டார்.

"கை விறைச்சால் துவக்குப் பிடிக்கேலாது" என்று அம்மா விடியற்காலையில் கிழங்கு அவித்து, சுடச்சுடத் தோலோடு அவருடைய கோட்டுப் பைகள் பிதுங்கத் திணித்தார். பிறகு மிளகும் சீரகமும் வறுத்து இடித்தார். வாத்துக்கறிக்கென்று நான் நாக்கைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அப்பா வெறுங்கையோடு வந்தார்.

"வாத்துகள் தலைக்கு மேலாலை போனதுகள். கிழங்குச் சூட்டை விட்டுக் கையை வெளியில எடுக்க மனம் வரேல்லை."

அம்மா ஆறிப்போன கிழங்குகளை வாங்கி உரித்து, அந்தத் தூளைப் போட்டுப் பிரட்டினார். எல்லாருக்கும் தாராளமாகப் போதுமாயிருந்தது.

"வாத்துக்கு இடிச்ச தூளெல்லோ அம்மா?" என்றேன்.

"ஊரிலை வெடிச்சத்தம் கேட்டே வெறுத்துப்போன மனிசன், பிள்ளை. சுடமாட்டார் எண்டு எனக்குத் தெரியும். கிழங்குக்குத்தான் இடிச்சனான்."